மலைக்காட்டுத் தோழி டயான் ஃபாஸி

ஆப்பிரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதியில் ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகள் கூடும் இடத்தில் எட்டு எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. விருங்கா மலைகள் என்பது அவற்றின் பெயர். ஆண்டின் பெரும்பகுதி மழையும் மூடுபனியும் சூழ்ந்திருக்கும் அந்தக் காடுகளில் மலைக் கொரில்லாக்கள் வாழ்கின்றன. இங்கும், சற்று வடக்கே உகாண்டாவில் உள்ள பிவிண்டி என்னும் காட்டிலும் தவிர உலகில் வேறெங்கும் அவை இல்லை. எந்த மிருகக்காட்சிசாலையிலும் அவற்றைக் காண இயலாது.

அந்த மலையின் மீது ஒரு தகரக் குடிசையில் தங்கி, ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கொரில்லாக்களின் பின்னே நடந்தவர் டயான் ஃபாஸி அம்மையார். இன்று அவை அழியாமல் இருப்பதற்கு அவரும் ஒரு முக்கிய காரணம் என்பதை யாரும் மறுப்பதில்லை. அவரது வாழ்க்கையை எழுதப் புகுந்த நாம், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த ஒரு செய்தியையும் சேர்த்தே எழுதப் போகிறோம். அது கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களைப் பற்றியது. கொரில்லாவின் கதையில் அதற்கென்ன வேலை என்று தோழியர் கேட்கலாம். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டயான் 1932ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16ஆம் நாள் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். அவர் சிறுமியாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தனர். தாய் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தை வசதி படைத்தவர், கண்டிப்பு மிகுந்தவர். பத்து வயது வரை டயானுக்குப் பெரியவர்களோடு மேசையில் அமர்ந்து இரவு உணவு உண்ண அனுமதி இல்லையாம். சமையலறையில் பணிப்பெண்ணோடுதான் சாப்பாடு. வளர்ப்பதற்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கமீன். அதுவும் செத்துப்போனது. பிறகு குதிரைச் சவாரி கற்றுக்கொண்டார். குதிரைகள்தாம் அவருக்குத் துணையாயின.

விலங்கு மருத்துவராக வேண்டும் என்பது அவரது ஆசை. ஆனால் கல்லூரியில் வேதியியலும் இயற்பியலும் காலை வாரிவிட்டன. (பொதுத்தேர்வை எண்ணிக் கலங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது சற்று ஆறுதலான செய்திதான்.) ஆகவே வேறு பாடத்திற்கு மாறி, உடற்குறையுள்ளவர்களுக்குக் கைவேலைகள் மூலம் பயிற்சி அளிக்கும் தொழில்வழிச் சிகிச்சையில் 1954இல் பட்டம் பெற்றார். கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்னும் ஊரில் ஊனமுற்ற குழந்தைகளுக்கான மருத்துவமனையில் அந்தச் சிகிச்சைப் பிரிவின் தலைவியானார். அருகில் வர அஞ்சும் குழந்தையிடம் அவசரப்படாமல், அது தானாக நெருங்கும் வரை காத்திருக்க அங்கே பழகியிருப்பார். அந்தப் பழக்கமே பின்னாளில் மலையில் கைகொடுத்தது என்று நாம் நினைக்கிறோம்.

1963இல் வங்கியில் கடன் வாங்கிக்கொண்டு ஏழு வாரப் பயணமாக ஆப்பிரிக்கா சென்றார். தான்சானியாவில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் ஆதிமனிதரின் எலும்புகளைத் தேடிக்கொண்டிருந்த லூயி லீக்கி என்னும் அறிஞரைச் சந்தித்தார். சந்திப்பு அவ்வளவு கௌரவமாக அமையவில்லை. சரிவில் தவறி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டதோடு, புதிதாகத் தோண்டியெடுத்த புதைபடிவத்தின் மேல் வாந்தியும் எடுத்துவிட்டார். அந்தக் காலோடு அடுத்த சில வாரங்களில் காங்கோவின் மிக்கேனோ மலையில் கபாரா என்னும் புல்வெளிக்கு ஏறிப்போய்க் கொரில்லாக்களை முதன்முதலாகக் கண்டார் என்றால் அவரது பிடிவாதத்தை என்னென்று சொல்வது!

மூன்று ஆண்டுகள் சென்றன. 1966இல் லீக்கி சொற்பொழிவாற்ற லூயிவில் நகருக்கு வந்தார். தான் எழுதிய கட்டுரைகளை எடுத்துக்கொண்டு டயான் அவரைப் போய்ப் பார்த்தார். கொரில்லாக்களை நெடுநாள் அருகிருந்து ஆராய ஆள் தேடிக்கொண்டிருந்த லீக்கி, மலைமேல் மருத்துவர் இல்லை, எனவே குடல்வாலை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது என்று சொல்லிவைத்தார். டயான் உடனே அறுவை செய்துகொண்டார். அது உறுதியைச் சோதிக்கச் சொன்னதே தவிர உண்மையில் தேவையில்லை என்று பின்னர் லீக்கியிடமிருந்து கடிதம் வந்ததாம்!

1967 ஜனவரியில் கபாராவில் கூடாரம் அடித்தார். வழியில் கோம்பே காட்டில் சிம்பன்சிகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஜேன் குடால் அம்மையாரிடம் சில நாள் தங்கி வேலைமுறையைப் பார்த்துக்கொண்டதுதான் அவர் பெற்ற பயிற்சி. ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, காங்கோவில் கலகம் மூண்டது. ஜூலை மாதம் சிப்பாய்கள் வந்து அவரை மலையிலிருந்து இறக்கிக் காவலில் வைத்தனர். அவர் உகாண்டாவுக்குத் தப்பி வந்தார். இத்தோடு போதும் என்று ஊர் திரும்பியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ எல்லையின் மறுபக்கமாக, ருவாண்டா நாட்டின் வழியே அதே மலைத்தொடரில் ஏறினார். 1967 செப்டம்பர் 24ஆம் நாள் கரிசிம்பி, விசோக்கே என்னும் இரு மலைகளுக்கு இடையே, ஏறத்தாழ 3000 மீட்டர் உயரத்தில் தம் முகாமை அமைத்தார். இரு பெயர்களையும் சேர்த்து அதற்குக் கரிசோக்கே என்று பெயரிட்டார்.

மனிதரைக் கண்டதும் ஓடிவிடும் விலங்குகளோடு எப்படிப் பழகுவது? டயான் நிமிர்ந்து நடப்பதை விட்டார். கையை ஊன்றித் தவழ்ந்து போனார். கொரில்லாக்கள் தின்னும் காட்டுச் செலரித் தண்டை மென்றார். அவை சொறிவதுபோல் சொறிந்தார். வயிறு நிறைந்தபோது அவை எழுப்பும் திருப்தி ஒலியைப்போல் ஒலியெழுப்பினார். எந்த இரண்டு கொரில்லாக்களுக்கும் மூக்கின் மேலுள்ள மடிப்புகள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், மூக்கை வரைந்து வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு பெயரிட்டார்.

இன்னொரு வேலையும் செய்தார். கொரில்லாக்கள் ஒவ்வோர் இரவும் இலை தழைகளை வளைத்துப் புதிய படுக்கை அமைத்துக்கொள்ளும். விடிந்ததும் சாணத்தை அங்கேயே விட்டு எழுந்து போய்விடும். டயான் அந்தப் படுக்கைகளைத் தேடிச் சாணத்தைச் சேகரித்தார். சாணத்தின் அளவைக்கொண்டு படுத்திருந்தது கிழமா, தாயா, குட்டியா என்று சொல்ல முடியும். அதில் என்னென்ன புழுக்கள் உள்ளன என்றும் பார்க்க முடியும். இதைப் படித்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். விலங்கைத் தொடாமலும் மயக்க மருந்து கொடுக்காமலும் அதன் உடலுக்குள் நடப்பதை அறிய அதுவே வழி. நாம் முதலில் குறிப்பிட்ட செய்தியும் சாணத்திலிருந்து கிடைத்ததுதான்.

1970ஆம் ஆண்டில் ஒரு நாள், பீனட்ஸ் என்று அவர் பெயரிட்ட இளம் ஆண் கொரில்லா அருகில் வந்தது. டயான் புல்லில் மல்லாந்து படுத்துக் கையை விரித்து வைத்தார். அது சற்று நேரம் அந்தக் கையைப் பார்த்தது. பிறகு தன் விரல்களால் தொட்டது. அஞ்சி ஓடிய காட்டுக் கொரில்லா தானாக வந்து மனிதக் கையைத் தொட்டது என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. கிங்காங் படம் பார்த்துக் கொரில்லா என்றால் மனிதரைக் கிழித்தெறியும் அரக்கன் என்று எண்ணியிருந்தவர்களின் எண்ணம் மாறத் தொடங்கியது.

அவர் காலத்தில் காட்டின் நிலை பரிதாபமானது. 1960ஆம் ஆண்டளவில் விருங்காவில் சுமார் 450 கொரில்லாக்கள் இருந்ததாகக் கணக்கிட்டிருந்தனர். 1981இல் அத்தொகை ஏறக்குறைய 250 ஆகிவிட்டது. ருவாண்டாப் பகுதியில் காட்டின் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை அழித்து, பூச்சிமருந்து தயாரிக்க உதவும் பைரெத்ரம் என்னும் பூச்செடியை 1960களின் கடைசியில் பயிரிட்டார்கள். வயல் காட்டின் நெஞ்சுவரை வந்துவிட்டது. மாடு மேய்ப்பவர்கள் நூற்றுக்கணக்கான மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டிவந்தனர். மான்களுக்கு வைத்த கண்ணிகளில் கொரில்லாக்களின் கை கால்கள் சிக்கின. டயான் கண்ணிகளை அறுத்தெறிந்தார்; மாடுகளை விரட்டினார்.

1969இல் ஜெர்மனியின் கொலோன் நகர மிருகக்காட்சிசாலைக்காக இரண்டு குட்டிகளைப் பிடித்தார்கள். குட்டியைப் பிடிக்க வேண்டுமானால் அதைக் காக்க நிற்கும் பெரியவற்றைக் கொல்ல வேண்டும். அவ்வாறே பல கொல்லப்பட்டன. உயிர் ஊசலாடிய நிலையில் கொண்டுவரப்பட்ட கோக்கோ, பக்கர் என்னும் அந்தக் குட்டிகளைத் தம் குடிசையில் வைத்து, இரவு பகல் பாராமல் மருந்தும் பாலும் ஊட்டித் தேற்றினார் டயான். காட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்று மன்றாடியும் பயனில்லை. இரண்டும் கொலோனுக்கு அனுப்பப்பட்டன. 1978இல் இரண்டுமே அங்கே இறந்தன.

டிஜிட் கொல்லப்பட்ட செய்தியை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. விரல் ஒன்று ஊறுபட்டிருந்ததால் அந்தக் கொரில்லாவுக்கு அப்பெயர். சிறு வயது முதல் டயானின் அருகில் வந்து விளையாடிய அது, வளர்ந்தபின் தன் கூட்டத்தின் காவலனாயிற்று. 1977ஆம் ஆண்டின் கடைசி நாளன்று கள்ள வேட்டைக்காரர்கள் நாய்களோடு வந்தபோது, டிஜிட் எதிர்த்து நின்றது. ஈட்டிக் குத்துகளை வாங்கிக்கொண்டே போராடியதால் மற்றவை தப்பி ஓடின. அதன் தலையையும் கைகளையும் வெட்டி எடுத்துச் சென்றுவிட்டார்கள். டயான் அந்த உடலைத் தம் குடிசை அருகே புதைத்தார். அதன் பெயரால் ஒரு நிதியும் தொடங்கினார். அடுத்த ஜூலையில் அதே கூட்டத்தின் தலைவன் சுட்டுக் கொல்லப்பட்டது. மாச்சோ என்னும் தாயும் மடிந்தது. அதன் மூன்று வயதுக் குட்டி க்வெலி தோளருகே குண்டுக் காயத்தோடு தப்பியது. தாயில்லாத குட்டியின் காயம் மெல்ல மெல்லப் புரையோடியது. மூன்று மாதம் இழுத்துக்கொண்டு கிடந்து அதுவும் இறந்தது. அன்று அந்த மலையில் கொரில்லாவுக்கு வைத்தியம் பார்க்க ஒரு விலங்கு மருத்துவர்கூட இல்லை.

இதற்குப் பின் டயானின் கோபம் கட்டுக்கடங்கவில்லை. பிடிபட்ட வேட்டைக்காரர்களை அடித்தார்; அவர்களது உடைமைகளைக் கொளுத்தினார்; முகமூடி அணிந்து சூனியக்காரி போல் பயமுறுத்தினார். இவற்றை மறைப்பது வாழ்க்கை வரலாறு ஆகாது. மலையடிவாரத்தில் வாழ்ந்தவர்கள் நிலமும் பிழைப்பும் இல்லாத ஏழைகள். கொரில்லாவின் முகத்தில் ஒவ்வொரு மடிப்பையும் கண்டவர், அந்த ஏழைகளின் முகத்தையும் சற்று நின்று பார்த்திருக்கலாம். அதே அம்மையார் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் அன்று தம் வேலையாட்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் முகாமுக்கு அழைத்து விருந்தளித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுற்றுலாவுக்கு ஆட்களைக் கூட்டி வருவதையும் அவர் எதிர்த்தார். கொரில்லாவைப் பார்க்க வருபவர் தரும் பணமே கொரில்லாவைக் காக்கும் என்பது மற்றவர்கள் கட்சி. ஆட்கள் கூடக்கூட மனித நோய்கள் மலையேறும் என்பது டயானின் அச்சம். 1983இல் தம் அனுபவங்களை ஒரு நூலாக வெளியிட்டார். 1985ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரவு, அவரது குடிசைக்குள் புகுந்த யாரோ அவரை வெட்டிக் கொன்றார்கள். கொலையாளி யார் என்பது இன்றும் ஐயத்திற்குரியதாகவே உள்ளது. அவர் விரும்பியபடியே டிஜிட்டின் அருகில் அவரை அடக்கம் செய்தனர். வயது 53.

தம் இறுதிக் காலத்தில் டயான் ஒரு விலங்கு மருத்துவரை அனுப்பும்படி கேட்டிருந்தார். 1986இல் மருத்துவர் மலைக்கு வந்து சேர்ந்தார். கேட்டவர் அதற்குள் மண்ணுக்குள் இருந்தார். அன்று தொடங்கிய மருத்துவப் பணி இன்றும் நடக்கிறது. கண்ணியில் சிக்கிய கை, புரையோடிய காயம், நெஞ்சுச் சளி இவற்றால் உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவர்கள் காட்டுக்குள் போய் ஊசி எய்து ஆன்டிபயாடிக் மருந்து செலுத்துகிறார்கள். 1988இல் ருவாண்டாவின் கொரில்லாக்களிடையே மூச்சு நோய் பரவி ஆறு இறந்தன. நோயுற்ற மற்றவற்றுக்கு இம்மருந்து கொடுக்கப்பட்டது. மனிதரிடமிருந்து தட்டம்மை தொற்றியிருக்குமோ என்று தடுப்பூசியும் போடப்பட்டது. க்வெலி போன்ற ஒரு குட்டி இன்று காயம்பட்டால் பிழைக்க வழி உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. மருந்து வேலை செய்ய வேண்டும்.

இப்போது அந்தச் சிற்றுயிர்களிடம் வருவோம். நம் குடலிலும் கொரில்லாவின் குடலிலும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா கோடிக்கணக்கில் வாழ்கிறது. பெரும்பாலும் அது தீங்கு செய்வதில்லை. நாம் ஏதோ ஒரு நோய்க்கு ஆன்டிபயாடிக் விழுங்கும்போது நோய்க்கிருமி மட்டும் சாவதில்லை. குடலில் சும்மா இருக்கும் ஈ.கோலையும் சேர்ந்து சாகிறது. அவற்றுள் மருந்தைத் தாங்கும் இயல்புடைய ஒன்றிரண்டு தப்பிவிடும். இடம் காலியானதும் அவற்றின் சந்ததி மட்டும் பெருகும். இதைவிட வேடிக்கை என்னவென்றால், தாங்கும் ஆற்றலைத் தரும் மரபணுவைப் பக்கத்திலுள்ள வேறு வகைப் பாக்டீரியாவுக்கும் அவை கைமாற்றிக் கொடுத்துவிடும். தேர்வு அறையில் துண்டுச்சீட்டு கைமாறுவதுபோல் என்று எங்கள் விலங்கியல் வகுப்பில் சகோதரி விளக்கினார். அந்த உவமை எல்லாருக்கும் உடனே விளங்கிவிட்டதுதான் சகோதரிக்கு வருத்தம்!

உகாண்டாவின் பிவிண்டி காட்டில் ஆராய்ச்சியாளர்கள் கொரில்லாக்களின் சாணத்தையும், சுற்றுப்புறக் கிராமத்து மனிதர்கள், ஆடு மாடுகள் ஆகியோரின் கழிவையும் சேகரித்து ஈ.கோலையைப் பிரித்தெடுத்து ஒப்பிட்டார்கள். முடிவு 2008இல் வெளிவந்தது. அவ்வூர் மக்கள் பயன்படுத்தும் ஆன்டிபயாடிக் மருந்துகளில் ஒன்றையேனும் தாங்கும் பாக்டீரியா, மனிதரிடமிருந்து எடுத்தவற்றில் நூற்றுக்கு 35. கால்நடைகளிடம் நூற்றுக்கு 27. கொரில்லாக்களிடம் நூற்றுக்கு 17. மருந்துக் கடையின் வாசலையே மிதிக்காத காட்டு விலங்கின் குடலில் இது எப்படி வந்தது?

மருந்தைத் தாங்கும் இயல்பு மண்ணிலுள்ள பாக்டீரியாக்களிலும் இயற்கையாகவே உண்டே, அங்கிருந்து வந்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆராய்ச்சியில் கிடைத்த இன்னொரு விவரம் அதற்கு விடை தருகிறது. எல்லாக் கொரில்லாக் கூட்டங்களிலும் இது ஒரே அளவில் இல்லை. மனிதரும் மாடும் நடமாடும் இடத்தில் மேய்ந்த கூட்டத்தில் அதிகம். அவர்களோடு இடத்தைப் பகிர்ந்துகொள்வது குறையக் குறைய இதுவும் குறைந்தது. அது மட்டுமன்று. மனிதரோடு நெருங்கிய கூட்டத்தின் ஈ.கோலை மரபணுவிலும் மனிதருடையதையும் மாட்டினுடையதையும் ஒத்திருந்தது. விலகியே வாழ்ந்த கூட்டத்தினுடையது அவ்வளவாக ஒத்திருக்கவில்லை.

இதற்கு முந்தைய ஆண்டில் அதே நாட்டின் கிபாலே காட்டுச் சிம்பன்சிகளைப் பற்றி வெளிவந்த ஆய்வைப் படித்தபோது எங்களுக்கு இன்னும் வியப்பு. அங்கே சிம்பன்சிகளின் குடல் பாக்டீரியா, சாதாரண கிராமத்தாருடையதை அல்ல, சிம்பன்சிகளை ஆராயவும் பயணிகளுக்குக் காட்டவும் அன்றாடம் காட்டுக்குள் போகும் பணியாளர்களுடையதையே அதிகம் ஒத்திருந்தது. அதாவது அவற்றின்மீது அன்புகொண்டு அருகில் போனவர்களுடையது!

இந்த ஈ.கோலையால் ஒரு கொரில்லாவும் உடனே நோயுறுவதில்லை. ஆயினும் இது வந்த வழியே வயிற்றுப்போக்குக் கிருமியும் வரலாம். தாங்கும் மரபணு அந்தக் கிருமிக்கும் கைமாறலாம். அப்போது மருத்துவர் எய்யும் ஊசி பலிக்காமல் போகலாம். ஆயிரம் பேரே உள்ள ஓர் இனத்தில் ஒரு கூட்டம் அழிவது சிறிய இழப்பன்று.

டயான் மாடுகளை விரட்டியபோது, கொரில்லாவின் புல்லை மாடு தின்கிறதே என்பதும் காடு மிதிபடுகிறதே என்பதும்தான் முதல் கவலை. மாட்டின் சாணத்தில் என்ன இருந்தது என்று பார்க்கும் முறை அப்போது அவரிடம் இல்லை. கூட்டம் கூடினால் நோய் வரும் என்ற அச்சத்தில் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. ஆனால் சுற்றுலா கூடாது என்ற வாதத்தில் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. பயணிகளின் பணத்தால் காவலர்களுக்கு ஊதியம் கிடைத்தது, காடு நின்றது. விருங்காவில் 2016இல் முடிந்த கணக்கெடுப்பின்படி 604 கொரில்லாக்கள். பிவிண்டியையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல். மிக மோசமான அழிவு நிலையில் உள்ளவை என்ற பட்டியலிலிருந்து 2018இல் ஒரு படி மேலே வந்தன. மனிதர் அருகில் போனதால் பிழைத்தன. அருகில் போனதாலேயே நம் கிருமியையும் சுமக்கின்றன. இதில் எதை வேண்டும், எதை வேண்டாம் என்பது? இதை வகுப்பில் வைத்துப் பேசியபோது எங்களுக்குள் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

ஆனால் ஒருவர் வேறு கதவைத் தட்டினார். அவர் உகாண்டாவின் பெண் விலங்கு மருத்துவர் கிளாடிஸ் கலேமா சிக்குசோக்கா. 1996இல் பிவிண்டி கொரில்லாக்களுக்குச் சொறிநோய் வந்து ஒரு குட்டி இறந்தது. வயலில் கொரில்லாக்களை விரட்ட நட்ட பொம்மைகளுக்கு அணிவித்த பழந்துணியிலிருந்து தொற்றியிருக்கலாம் என்று கருதப்பட்டது. துணிக்குரிய மனிதர்களுக்குச் சொறி இருந்தால் கொரில்லாவுக்கும் வரும். எனவே முதலில் அந்த மனிதர்களைக் குணப்படுத்த வேண்டும் என்று கண்டார் அவர். 2003இல் அமைப்பொன்றைத் தொடங்கி, காட்டோரக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, கைகழுவுதல், கழிப்பிடம், நோயைக் காலத்தில் கண்டறிதல் என்று வீடு வீடாகச் சொல்லச் செய்தார். டயான் தடியெடுத்து விரட்டிய அதே ஏழை மக்களோடுதான் இவர் வேலை செய்கிறார்.

கரிசோக்கே முகாம் 1994ஆம் ஆண்டின் ருவாண்டாப் போரில் அழிந்தது. ஆராய்ச்சி நிலையம் அடிவாரத்து ஊருக்கு மாறிவிட்டது. டயான் தொடங்கிய நிதி இன்று அவர் பெயராலேயே அதை நடத்துகிறது. மேலே கல்லறைகள் மட்டும் இருக்கின்றன. தடம் பார்ப்பவர்கள் இன்றும் காலையில் படுக்கைகளைத் தேடிப் போகிறார்கள். ஒரு கூட்டத்தைப் பார்க்க நாளொன்றுக்கு எட்டுப் பயணிகள், ஒரு மணி நேரம் மட்டுமே. சளி இருமல் உள்ளவர் மலையேறக் கூடாது. முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். காட்டில் இயற்கைக் கடனைக் கழிக்க நேர்ந்தால் ஆழமாகக் குழி தோண்டி மூட வேண்டும். ஏழு மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும் என்றிருந்த விதியை, 2020இல் பரவிய கொள்ளை நோய்க்குப் பின் பத்து மீட்டர் ஆக்கினார்கள்.

கொரில்லாக் குட்டிகளுக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. பீனட்ஸைப் போலவே அவையும் ஆவலோடு நெருங்கி வந்து கையை நீட்டுவதுண்டு. அப்போது சத்தமிடாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும் என்று வழிகாட்டிகள் மலையேறும் முன்பே ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.